ஊஞ்சலுக்கு அஞ்சும் ஐந்து வயது மகன்: உடற்சமநிலையை விளையாட்டின் வழியாக வளர்க்க இயலுமா?

வேளச்சேரி அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குச் சென்ற மாதம் ஐந்து வயது நிறைந்தது, யு.கே.ஜி. படிக்கிறான். பேச்சிலும் நினைவாற்றலிலும் எந்தக் குறையும் இல்லை. இரவில் ஒரு கதை சொன்னால் மறுநாள் காலையில் ஒரு வரியும் விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் உடலைப் பயன்படுத்த வேண்டிய இடம் வந்தால் முற்றிலும் வேறு பிள்ளையாகிவிடுகிறான்.

எங்கள் குடியிருப்பின் பூங்காவில் இருக்கும் ஊஞ்சலில் உட்கார வைத்தால், கால் தரையை விட்டு எழும்பும் அந்த நொடியிலேயே விரல்கள் வெளுக்கும் அளவுக்குச் சங்கிலியை இறுகப் பற்றிக்கொண்டு அழத் தொடங்குகிறான். மாடிப்படியில் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு படியில் இரண்டு கால்களையும் வைத்த பிறகே அடுத்த படிக்குச் செல்கிறான். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் இரண்டு நொடிக்குள் மறுகால் தரைக்கு வந்துவிடுகிறது. கால்சட்டை அணியும்போது சுவரில் சாய்ந்துகொள்கிறான். திருவான்மியூர் கடற்கரைக்கு அழைத்துச் சென்றால் ஈரமணலில் கால் வைக்க மறுத்து, திரும்பும் வரை என் இடுப்பிலேயே இருக்கிறான். வகுப்பில் எழுதும்போது தலையை மேசைமேல் சாய்த்துக்கொள்வதாகவும், நாற்காலியில் இருந்து சிறிது சிறிதாகச் சரிந்துவிடுவதாகவும் ஆசிரியை குறிப்பேட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் 2020-இல், ஊரடங்குக் காலத்தில் பிறந்தவன். பூங்கா பூட்டிக் கிடந்தது. ஊருக்கும் போக இயலவில்லை. நானும் கணவரும் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்ததால், ஏழாம் மாதத்திலிருந்து அவன் பெரும்பாலும் வாக்கரிலும், அதன்பிறகு கைப்பேசி முன்னாலும் இருந்தான். தரையில் விட்டால் ஏதாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்வானோ என்ற அச்சம் எனக்கு எப்போதும் இருந்தது. அதை நினைத்தால் இப்போது மனம் வலிக்கிறது.

அண்மையில் ஒரு தனியார் மையத்தில் காட்டினோம். இருபது நிமிடம் பார்த்துவிட்டு, "சென்சரி பிரச்சினை" என்று கூறி அறுபது அமர்வுகளுக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தச் சொன்னார்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன்பு இங்குள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன். வீட்டிலும் பூங்காவிலும் ஓடியாடும் விளையாட்டுகளின் வழியாகவே இதைச் சீராக்க இயலுமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்? எந்த நிலையில் கட்டாயம் மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

—

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், மதுரை, எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் பதினேழு ஆண்டுகளாகக் குழந்தைகளுடன் பணிபுரியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். நேரில் பார்க்காத பிள்ளையைப் பற்றி முடிவு சொல்வது என் தொழிலுக்கு முறையன்று. ஆயினும் நீங்கள் எழுதியிருக்கும் ஊஞ்சல், படிக்கட்டு, கால்சட்டை, மேசைமேல் சாயும் தலை ஆகிய நான்கும் ஒரே நூலில் கோத்த மணிகளாக இருக்க வாய்ப்புண்டு என்பதால், அந்த நூல் எது என்று விளக்க முயல்கிறேன்.

நாம் விழாமல் நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வர வேண்டும். முதலாவது, உட்செவி. ஒவ்வொரு செவிக்குள்ளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலையைத் திருப்பும்போது அவற்றிலுள்ள நீர்மம் சற்றுப் பின்தங்கி, அங்கிருக்கும் நுண்மயிர்களை வளைக்கிறது. அவற்றின் அருகிலேயே கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த மெத்தை போன்ற இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உடல் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதை அவை சொல்கின்றன. இரண்டாவது, கண். மூன்றாவது, தசைகளும் மூட்டுகளும் உள்ளங்காலும் அனுப்பும் செய்தி. கண்ணை மூடிக்கொண்டாலும் உங்கள் முழங்கை மடங்கியிருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிவது இதனால்தான். உட்செவியின் அமைப்பு பிறக்கும்போதே உருவாகிவிட்டிருக்கும். ஆனால் மூன்று செய்திகளையும் சேர்த்துப் படிக்க மூளை பல ஆண்டுகள் பழக வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் அசைவினால் மட்டுமே வருகிறது.

சிறு பிள்ளைகள் இந்த மூன்றில் கண்ணையே பெரிதும் நம்புகிறார்கள். 1974-இல் டேவிட் லீ, எரிக் அரன்சன் ஆகிய இருவரும் செய்த சோதனையில், அப்போதுதான் நிற்கக் கற்ற குழந்தைகளை ஓர் அறைக்குள் நிறுத்தி, தரையை அசைக்காமல் சுவர்களை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். காலடித் தரை உறுதியாக இருந்தும், சுவர் நகர்ந்த திசையில் குழந்தைகள் சாய்ந்தார்கள், தள்ளாடினார்கள், விழவும் செய்தார்கள். காலும் செவியும் "நாம் அசையவில்லை" என்று சொன்னதைக் கண் சொன்ன பொய் மூழ்கடித்துவிட்டது. பள்ளிப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளில்தான் இந்தச் சார்பு குறைந்து, மூன்றையும் எடைபோடும் திறன் படிப்படியாக வளர்கிறது. உங்கள் மகன் இப்போது அந்த வாசலில் நிற்கிறான்; காலம் கடந்துவிடவில்லை.

தரையில் விடாமல் வளர்த்ததை எண்ணி வருந்துகிறீர்கள். அந்த ஊரடங்கு ஆண்டுகளில் பிறந்த பல பிள்ளைகளின் பெற்றோரும் இதையே சொல்கிறார்கள். தனியாக உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் என்ன விடுபட்டது என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும். கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்து, 17 முறை விழுகிறார்கள் என்று எண்ணிச் சொன்னார்கள். அந்தப் பதினேழு வீழ்ச்சிகளும் பாடங்கள். வாக்கரில் உட்கார்ந்த குழந்தை துணிப்பட்டையில் தொங்கிக்கொண்டு கால்விரல் நுனியால் உந்துகிறது. தன் பாதத்தை அது பார்ப்பதும் இல்லை, சாய்ந்தால் நிமிர வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. அந்தப் பாடங்களை இப்போது, ஐந்து வயதுக்குரிய விளையாட்டுகளின் வழியாக நடத்தலாம்.

ஊஞ்சலிலிருந்து தொடங்குங்கள், ஆனால் ஊஞ்சலில் உட்கார வைத்து அன்று. கால் தரையை விட்டால் உலகமே நழுவுவதாக உணரும் பிள்ளைக்கு, உயரத்தைக் காட்டித் துணிவூட்ட முயன்றால் அச்சம்தான் வளரும். முதல் வாரம் நீங்கள் ஊஞ்சலில் அமர்ந்து, அவனை மடியில் உங்கள் மார்போடு அணைத்து உட்கார வைத்து, உங்கள் கால்கள் தரையிலேயே இருக்க, ஒரு சாண் தொலைவு மட்டும் முன்னும் பின்னும் ஆடுங்கள். அவன் உடல் இளகுவதை உங்கள் கைகள் உணரும். தோள் காதை விட்டு இறங்கும், பிடி தளரும். அதுவரை அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டாம். அடுத்ததாக ஊஞ்சல் பலகையில் வயிறு படியக் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். கால்விரல்கள் தரையில் ஊன்றியிருக்கும், கைகள் தரையைத் தொடும், வேகத்தை அவனே தீர்மானிப்பான். கீழே பத்துப் புளியங்கொட்டைகளைப் பரப்பி, ஆடியபடி ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போடச் சொன்னால், அச்சத்தை நினைக்க அவனுக்கு நேரமே இருக்காது. உட்கார்ந்து ஆடுவது அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டில் கொக்கி இருந்தால், நல்ல உறுதியான பருத்திப் புடவையில் தூளி கட்டி அவனை உள்ளே உட்கார வையுங்கள். துணி நாற்புறமும் உடலை அழுத்திப் பிடிப்பதால் அஞ்சும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உணர்வு கிடைக்கிறது. மையங்களில் நாங்கள் நன்கு இழுபடும் லைக்ரா துணியில் தொங்கவிடும் ஊஞ்சலும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். கொக்கி அவன் எடையையும் அசைவையும் தாங்குமா என்று முதலில் நீங்களே தொங்கிப் பாருங்கள்.

ஊஞ்சலைப் போலவே முக்கியமானது பளு. தள்ளுதல், இழுத்தல், சுமத்தல், தொங்குதல் ஆகியவை தசைக்கும் மூட்டுக்கும் வலுவான செய்தி தருகின்றன. தன் உடல் எங்கே முடிகிறது என்று அறியாமல் மேசைமேல் சரியும் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை. இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைச் சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவரட்டும். துவைத்த துணிக்கூடையைத் தரையில் தள்ளிக்கொண்டு போகட்டும். சப்பாத்தி மாவு பிசையட்டும். எழுத உட்காருவதற்கு முன் பத்து நிமிடம் இப்படி வேலை செய்த பிள்ளை, கூடுதல் நேரம் நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மணலுக்கும் இதே பொறுமை வேண்டும். ஈரமணலில் இறக்கிவிடாதீர்கள். முதலில் வீட்டில் அரிசி வைத்த தூக்குவாளிக்குள் கையை விட்டு ஒளித்து வைத்த பொம்மையைத் தேடட்டும். கைக்குப் பழகியதே காலுக்கு எளிதாகும். பிறகு உலர்ந்த மணலில் காலுறையோடு, அதன்பின் வெறுங்காலோடு என்று செல்லலாம்.

சுற்றும் விளையாட்டில் மட்டும் ஓர் எச்சரிக்கை. தட்டாமாலை சுற்றுவதை அவனாகத் தொடங்கி அவனாக நிறுத்த வேண்டும். பெரியவர்கள் பிடித்துச் சுற்றக் கூடாது. முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, திடீரென்று கொட்டாவி வந்தாலோ உடனே நிறுத்தித் தரையில் உட்கார வையுங்கள். வலிப்பு நோய் இருந்த பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே வேண்டாம்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடல் அசைவில் இருக்க வேண்டும் என்றும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான விளையாட்டாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஐந்து வயதைத் தொட்டவர்களுக்கு அந்த 60 நிமிடம் நாள்தோறும் சராசரியாக இருக்க வேண்டும். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. ஊஞ்சலுக்குப் பத்து நிமிடமே போதும்.

—

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், தென்காசி, எழுதியது:

அம்மா, தெரபிஸ்ட் சொன்னதை நான் மைதானத்திலிருந்து ஆமோதிக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றினேன். தொடக்க ஆண்டுகளில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு நொண்டி அடிக்க நான் கற்றுக்கொடுத்ததே இல்லை. தெருவில் கற்றுக்கொண்டு வந்தார்கள். பணி நிறைவடைந்த காலத்தில், ஒற்றைக்காலில் நான்கு அடி தாண்ட இயலாத பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் கண்டேன். அவர்கள் எவருக்கும் நோய் இல்லை; விளையாட இடமும், கூட விளையாட ஆளும், விழ அனுமதியும் இல்லை.

பாண்டியாட்டத்தைச் சற்று நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். ஒற்றைக்காலில் நின்றபடி சில்லை எறிய வேண்டும். எறிந்த கை முன்னே போகும்போது உடல் பின்னே இழுத்து ஈடுகட்ட வேண்டும். கோட்டை மிதிக்காமல் நொண்டி, சில்லு கிடக்கும் கட்டத்தைத் தாண்டி, திரும்பி வரும்போது குனிந்து அதை எடுக்க வேண்டும். தலை முழங்காலுக்குக் கீழே இறங்கி மீண்டும் நிமிரும் அந்த ஒரு நொடியில், மேலே சொல்லப்பட்ட மூன்று செய்திகளும் ஒருசேரச் சோதிக்கப்படுகின்றன. இதைவிட நல்ல சமநிலைப் பயிற்சியை என் பயிற்சிக் கல்லூரியிலும் நான் கற்கவில்லை.

உங்கள் மகனுக்கு நொண்டி இப்போதே வராது. எனவே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, முதல் இரண்டு வாரம் இரண்டு கால்களாலும் தாவச் சொல்லுங்கள். அடுத்து ஒரு கட்டத்தில் மட்டும் ஒற்றைக்கால், மற்றவற்றில் இரட்டைக்கால். சில்லுக்கு ஓட்டாஞ்சில்லுதான் சிறந்தது. நெகிழி மூடி வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

பாண்டிக்கு முன்பே தொடங்கக் கூடியது "கல்லா மண்ணா". திண்ணை, படி, நடைமேடை விளிம்பு என்று உயரமான இடமெல்லாம் கல். தாழ்வான இடமெல்லாம் மண். பிடிப்பவரைப் பார்த்துக்கொண்டே ஏறவும் இறங்கவும் வேண்டியிருப்பதால், படியைக் குனிந்து பார்த்துக் கணக்கிட்டு இறங்கும் பழக்கம் தானாகவே விட்டுப்போகும். அரையடி உயரமுள்ள ஒரு விளிம்பு இருந்தாலே போதும். அவனைவிட ஓராண்டு மூத்த பிள்ளை ஒருவன் உடன் இருந்தால் நல்லது. பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பதை விட, மூத்த பிள்ளை செய்வதைப் பார்த்தே சிறுவர்கள் துணிகிறார்கள்.

சற்றுத் தேறிய பிறகு கொட்டாங்கச்சி நடை. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளின் கண்ணில் கயிறு கோத்து முடிச்சிட்டு, கயிற்றைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வைத்துக் கையால் இழுத்துப் பிடித்தபடி நடக்க வேண்டும். உள்ளங்காலின் நடுவில் சிரட்டையின் வளைவு அழுந்தும். கையும் காலும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் நடை வராது. கண்ணாமூச்சியும் இந்தக் கட்டத்தில் நன்மை செய்யும். கண்ணைக் கட்டியதும் உடல் வேறு வழியின்றிக் காலையும் செவியையும் நம்பத் தொடங்குகிறது. மொட்டைமாடியில் மட்டும் கண்ணைக் கட்டி விளையாட விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவன் தள்ளாடும்போது உடனே கையை நீட்டிப் பிடிக்காதீர்கள். ஒரு கை தொலைவில் நில்லுங்கள். தலையில் அடிபடும் இடமாக இல்லாத வரை, அவனே தன்னை நிமிர்த்திக்கொள்ள இரண்டு நொடி கொடுங்கள். இந்த இரண்டு நொடியைத்தான் இன்றைய பெற்றோர் கொடுப்பதில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

—

குழந்தைநல மருத்துவர், திருச்சி, எழுதியது:

மேலே இருவரும் கூறிய விளையாட்டுகளில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் விளையாட்டைத் தொடங்குவதற்கு முன்பு, அல்லது அதனோடு சேர்த்தே, சில பரிசோதனைகள் தவறாமல் நடக்க வேண்டும். அதை எவரும் இதுவரை அழுத்திச் சொல்லாததால் எழுதுகிறேன்.

தரையில் உட்கார்ந்திருக்கும் மகனைக் கையூன்றாமல் எழச் சொல்லிப் பாருங்கள். முதலில் குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு தன் முழங்காலிலும் தொடையிலும் கைகளை மாற்றி மாற்றி வைத்துத் தன் உடல்மீதே ஏறுவதைப் போல எழுந்தால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பாருங்கள். ஆண் பிள்ளைகளில் இந்த எழும் முறையும், படியேறத் திணறலும், வழக்கத்துக்கு மாறாகப் பருத்த கெண்டைக்காலும் தசைச்சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். முதற்கட்டமாகச் செய்வது ஓர் எளிய இரத்தப் பரிசோதனைதான். எப்போதும் குதிகால் படாமல் நடப்பது, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய இயலாமல் போவது, காலையில் தலைவலியோடு வாந்தி, ஒரு பக்கமாகவே விழுவது ஆகியவை இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மகனுக்கு இவற்றில் ஏதும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆயினும் பார்த்துவிட்டால் நிம்மதியாக விளையாடலாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை என்றால் நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது கேட்கும் திறனோடு சமநிலையையும் பாதிக்கக்கூடும். கண் பரிசோதனையும் தேவை.

அடுத்து, அந்த மையம் சொன்ன "சென்சரி பிரச்சினை", அதாவது புலன் சார்ந்த இடர்ப்பாடு, என்ற பெயரைப் பற்றி. புலன்கள் அனுப்பும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்துவதைக் குறிக்கும் புலன் ஒருங்கிணைவு என்ற கருத்தையும், அதன் அடிப்படையிலான சிகிச்சையையும் வளர்த்தவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவர் கவனித்த பிள்ளைகளும் அவர் விவரித்த இடர்ப்பாடுகளும் உண்மையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2012-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், இத்தகைய புலன்சார்ந்த இடர்ப்பாட்டைத் தனியொரு நோயாகப் பெயரிட வேண்டாம் என்றும், இச்சிகிச்சையின் பயனுக்கான ஆய்வுச் சான்று போதுமான அளவில் இல்லை என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்றும் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. முழுமையான திட்டத்தின் ஒரு பகுதியாக அது இருக்கலாம் என்றும் அதே அறிக்கை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் புலன்சார்ந்த மிகை உணர்வும் குறை உணர்வும் காணப்படுவது 2013 முதல் நோயறிதல் வரையறையிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் மணலுக்கு அஞ்சும் எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் இல்லை.

ஆகவே இருபது நிமிடப் பார்வையில் அறுபது அமர்வுகளை விற்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். எந்தத் திறனை, எத்தனை வாரத்தில், எப்படி அளந்து பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்பவரிடம் செல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் உங்களையும் அறைக்குள் உட்கார வைத்து, வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுத்தருவார். செலவு தடையாக இருந்தால், தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும், உங்களுக்கு அருகிலேயே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் மத்திய அரசு நிறுவனமும் இருக்கின்றன.

—

ரொறன்ரோவில் வாழும் யாழ்ப்பாணத்துத் தாய் எழுதியது:

வோக்கர் பற்றி எழுதியதைப் படித்தபோது என் மூத்த பிள்ளையின் நினைவு வந்தது. அவர் பிறந்தபோது ஊரிலிருந்து வரவிருந்த அம்மா, வோக்கர் ஒன்றை வாங்கி வரட்டுமா என்று கேட்டார். கனடாவில் 2004 ஆம் ஆண்டு முதல் அதை விற்கவோ இறக்குமதி செய்யவோ விளம்பரம் செய்யவோ தடை இருக்கிறது என்று நான் சொன்னபோது அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகளே அந்தத் தடைக்கு முதன்மைக் காரணம். பிறகு அம்மா வேறொன்றைக் கொண்டுவந்தார்: என் தம்பிக்காக ஊரில் செய்த மூன்று சில்லு (சக்கர) நடைவண்டி. மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தன் காலில் நின்று தள்ள வேண்டும். சாய்ந்தால் வண்டியும் சாயும், எனவே நிமிர வேண்டும். தன் பாதத்தையும் பிள்ளை பார்க்கலாம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் செய்யும் வேலை எவ்வளவு வேறு என்று அப்போதுதான் விளங்கியது.

நம்முடைய பிள்ளைத்தமிழ் மரபில் ஐந்தாம் மாதத்துக் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையசைத்து ஆடுவதற்குச் செங்கீரை என்று பெயரிட்டுத் தனிப் பருவமாகவே பாடியிருக்கிறார்கள். கை தட்டும் சப்பாணி, நடந்து வரும் வருகை, பெண் பிள்ளைகளுக்கு ஊசல் என்று அசைவைக் கொண்டே வளர்ச்சியை அளந்தவர்கள் நாம் என்பதை என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது.

இங்கே குளிர்காலத்தில் நான்கைந்து மாதம் வெளியே விளையாடுவது கடினம். சென்னையில் மழையோ கடும் வெயிலோ தடுத்தால் உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். தலையணைகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, தரையைக் கடல் என்று வைத்துக்கொண்டு, விழாமல் கடக்க வேண்டும். மெத்தென்ற தலையணையில் கணுக்கால் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். அப்பா நாற்காலியாக, யானையாக, உப்புமூட்டை சுமப்பவராக இருக்கட்டும். உப்புமூட்டையில் தொங்கும் பிள்ளை, சுமப்பவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தன் உடலைச் சரிசெய்கிறார். என் இளைய மகளுக்கும் ஊஞ்சல் பயம் இருந்தது; அவருடைய அப்பாவின் முதுகில்தான் அது முதலில் கழன்றது.

—

வேளச்சேரி அம்மா எழுதியது (ஒன்பது வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைத் தெரிவிக்காமல் இருப்பது நன்றாக இராது என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவர் ஐயா சொன்னபடி முதலில் பரிசோதனைகளைச் செய்தோம். தரையிலிருந்து எழுவதில் குறையில்லை, கண் நன்றாக இருக்கிறது. ஆனால் வலது நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூன்று மாதம் கவனித்துப் பார்க்கலாம் என்று கூறியிருக்கிறார். அந்த மையத்தில் பணம் கட்டவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறொரு தெரபிஸ்ட்டிடம் செல்கிறோம். அவர் எங்களை அருகில் உட்கார வைத்தே எல்லாவற்றையும் செய்கிறார்.

மடியில் வைத்து ஆடுவதிலேயே மூன்று வாரம் கழிந்தது. நான்காம் வாரத்தில்தான் குப்புறப் படுக்கச் சம்மதித்தான். முதல் நாள் இரண்டு புளியங்கொட்டைகள் எடுத்தான். நான்காம் நாள் பத்தையும் எடுத்துவிட்டு, மீண்டும் பரப்பச் சொன்னான். உட்கார்ந்து ஆடுவதற்கு இன்னும் கால் தரையில் பட வேண்டும் என்கிறான். கடற்கரையில் உலர்ந்த மணலில் வெறுங்காலோடு நடக்கிறான். ஈரமணலை இன்னும் தொடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. படியில் ஏறும்போது கால் மாற்றி ஏறுகிறான். இறங்கும்போது பழைய வழக்கம்தான். எழுத உட்காரும் முன் தண்ணீர்ப் புட்டி சுமப்பது அவன் வேலை என்று வீட்டில் எல்லோரிடமும் அறிவித்திருக்கிறான். வகுப்பில் தலை சாய்வது குறைந்திருப்பதாக ஆசிரியை சொன்னார்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது ஆசிரியர் ஐயா சொன்ன அந்த இரண்டு நொடி. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கூடத்தில், எதிர்வீட்டு ஏழு வயதுச் சிறுமியோடு பாண்டி விளையாடியபோது, மூன்றாம் கட்டத்தில் ஒற்றைக்காலில் தள்ளாடினான். இரண்டு கைகளும் காற்றில் சுழன்றன. இடுப்பு ஒருபுறம் போய்த் திரும்பி வந்தது. நான் அசையவில்லை. நின்றுவிட்டான். எத்தனை நொடி என்று எண்ண எனக்குத் தோன்றவே இல்லை.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் பகுதியில் ஓட்டு வீடே இல்லாததால் ஓட்டாஞ்சில்லு கிடைக்கவில்லை. ஒரு தரை ஓட்டின் துண்டை வைத்து ஆடுகிறார்கள். அதன் விளிம்பு கூராக இருக்கிறது. வேறு எதைப் பயன்படுத்தலாம்?

—

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், தென்காசி, எழுதியது:

உடைந்த மண்தொட்டி ஒன்றின் துண்டை எடுத்து, சொரசொரப்பான சிமெண்ட் தரையில் தண்ணீர் விட்டு விளிம்பை வட்டமாகத் தேயுங்கள் அம்மா. தேய்க்கும் வேலையை மகனிடமே கொடுங்கள். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. அவன் உள்ளங்கையில் அடங்கும் அளவு போதும்.

காதில் நீர் இருக்கும் வரை தட்டாமாலை சுற்ற வேண்டாமா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.